ஆடு தொடாத தரைப்பூ: நித்தியகல்யாணியில் எந்த ரகம்?

மான் கடிக்காத செடிகளுக்கென்று வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் தனிப் பட்டியலே போட்டிருப்பார்கள். சேலம் அம்மாபேட்டைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. புள்ளிமானைப் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காடு அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். இங்கே வாசலோரச் செடியை மொட்டையடிப்பது ஆடு. அதுவும் சாதாரண ஆடு இல்லை. வெள்ளாட்டில் சேலம் கருப்பு, செம்மறியில் மேச்சேரி என்று பெயர்பெற்ற இரண்டு இனங்களுக்கு இந்தச் சீமைதான் தாய்வீடு. மேச்சேரி ஆட்டுக்காகவே பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கிக் கிளையில் வைத்துக்கொண்டு தழை தின்னும். செம்மறி தரையோடு தரையாக மேயும். ஆகவே தரையை மூடப் படரவிடும் செடி இரண்டு வாய்க்கும் தப்ப வேண்டும். அதோடு செம்மண்ணிலும் சுக்கான் மண்ணிலும், 40 டிகிரியைத் தொடும் மே மாத வெயிலிலும் நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் செடி ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் நித்தியகல்யாணியைத்தான் சொல்வேன். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தாவரப் பெயர் கேத்தராந்தஸ் ரோசியஸ். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே பாதிப் பாதுகாப்பு. இலை முழுக்கக் கசப்பான ஆல்கலாய்டுகள். ஆடு ஒரு வாய் கடித்துப் பார்த்து உதறிவிட்டுப் போகும். மறுநாள் அந்தப் பக்கம் திரும்பாது. அமெரிக்காவில் மான் தொல்லை உள்ள ஊர்களிலும் இதை மான் தொடாத பூச்செடி என்று சொல்லி விற்கிறார்கள். கோடை உச்சத்தில் பசுந்தழை எதுவுமே கிடைக்காதபோது விவரம் தெரியாத குட்டிகள் நுனியைக் கிள்ளலாம். செடி அதைக் கவாத்தாக எடுத்துக்கொண்டு பக்கக் கிளை விடும்.

கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. நர்சரிக்குப் போனால் ரோஸ், வெள்ளை, சிவப்பு, ஊதா, கண் வைத்தது, கண் இல்லாதது என்று இருபது விதம் அடுக்கியிருப்பார்கள். வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். எனக்கு அது தலைகீழான வழியாகப் படுகிறது. இந்தச் செடிக்கு எமன் வெயில் இல்லை, வேரடியில் தேங்கும் தண்ணீர். அதனால் முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும், பிறகு வளரும் வாகை, அதற்கும் பிறகுதான் பூவின் நிறத்தை.

இடத்தைப் பார்ப்பது

நல்ல மழை பெய்த மறுநாள் காலை, செடி வைக்கப் போகும் இடத்தில் போய் நின்று பாருங்கள். சேலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆண்டில் 900 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் பெய்வதில் பெரும்பகுதி ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மூன்று மாதமும்தான் நித்தியகல்யாணிக்குப் பரீட்சை. முந்தைய இரவு பெய்த தண்ணீர் காலையில் வடிந்திருந்தால் எந்த ரகமும் வைக்கலாம். குட்டை இன்னும் கிடந்தால் மண்ணை முக்கால் அடியாவது உயர்த்தி மேட்டுப்பாத்தி கட்டிய பிறகு வாருங்கள். மேடு கட்ட வழியில்லாத சாக்கடையோரமாக இருந்தால் நித்தியகல்யாணியை மறந்துவிட்டுப் பொடுதலையைப் படரவிடுங்கள். அது ஈரத்தில் பிறந்த செடி, கால்மிதியையும் தாங்கும்.

குமரகிரிப் பக்கம் கரட்டு நிலத்தை ஒட்டிய மனைகளுக்கு வடிகால் பிரச்சினை அநேகமாக இல்லை. பாறைமேல் ஓர் அடி செம்மண் கிடந்தால் போதும், நாட்டு நித்தியகல்யாணி அதிலேயே குடும்பம் நடத்தும். ஏரிப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களிலும், வீடு கட்டிய இடிபாடுகளைக் கொட்டி நிரவிய மனைகளிலும்தான் சிக்கல். இடிபாட்டு மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அதன் மேல் நம் போர்த்தண்ணீர். வாளியில் வெள்ளைக் கறை படிய வைக்கும் அந்த உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணின் காரத்தன்மை ஏறும். ஏறினால் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. இளம் இலைகள் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதைத் தண்ணீர்க் குறை என்று எண்ணி இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். நாட்டு ரகங்கள் இந்தக் காரத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தொட்டிக் கலவையில் சொகுசாக வளர்ந்து வந்த கலப்பினங்கள்தான் முதலில் வெளுக்கும். போர்த்தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக்கு ரகம் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

நிழல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து ஆறு மணி நேரம் நேர்வெயில் விழாத இடத்தில் செடி உயிரோடு இருக்கும், பூக்காது, நெட்டையாகப் போய்ச் சாயும். இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவிலுள்ள சந்துக்கு மருள் வையுங்கள்.

நாட்டு ரகங்கள்

நாட்டு நித்தியகல்யாணியில் மூன்று சாயல்: ரோஸ், சுத்த வெள்ளை, வெள்ளையில் சிவப்புக் கண். மூன்றும் இரண்டிலிருந்து மூன்று அடிவரை நிமிர்ந்து வளரும். அப்படியே விட்டால் அடிப்பகுதி கட்டையாகி, மேலே மட்டும் இலை நிற்கும், நடுவில் தரை தெரியும். அதனால் இதைத் தரைமூடி என்று ஒப்புக்கொள்ளப் பலர் தயங்குவார்கள். நெருக்கி நட்டு, ஆண்டுக்கு இருமுறை வெட்டினால் முழங்காலுக்குக் கீழே அடர்ந்த மெத்தையாக நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிப் பயிராக நடுவதற்குச் சொல்லும் இடைவெளி 45-க்கு 30 சென்டிமீட்டர். அது வேருக்காகவும் இலைக்காகவும் வளர்க்கிறவர்களுக்கான கணக்கு. தரையை மூட வேண்டுமானால் வரிசையையும் ஓர் அடியாகக் குறையுங்கள். நேர்வரிசையில் வைக்காமல் முக்கோணமாக மாற்றி மாற்றி வைத்தால் மண் சீக்கிரம் மறையும்.

நாட்டு ரகத்தின் பெரிய பலம் விதை. காய் வெடித்து விதை தானாக விழும், அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும். தாய்ச்செடி மூன்றாம் ஆண்டில் கட்டையாகிச் சாகும்போது அந்த இடத்தை நிரப்பக் கன்றுகள் தயாராக நிற்கும். தெருவோரம், சுவருக்கு வெளிப்புறம், யாரும் தண்ணீர் ஊற்றப் போகாத மூலை ஆகிய இடங்களுக்கு வேறு ரகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆடு நடமாட்டமும் அங்கேதான் அதிகம்.

இதே வரிசையில் வைக்க வேண்டிய இரண்டு பெயர்கள் நிர்மல், தவல். லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட வெள்ளைப்பூ ரகங்கள் இவை. தவல் இலையில் ஆல்கலாய்டு அதிகம் என்பதால் மூலிகைச் சாகுபடிக்காரர்கள் விரும்புவது. நமக்கு வேண்டியது நிர்மல். நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழே இறங்கும் நுனிக்கருகல் நோயைத் தாங்கும் குணத்துக்காகவே தேர்ந்தெடுத்த ரகம் அது. ஐப்பசி மழையில் நாட்டுச்செடி கொத்துக் கொத்தாகக் கருகும் தாழ்வான இடங்களில் நிர்மல் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். பூந்தொட்டி விற்கும் நர்சரியில் இதைக் கேட்டால் முழிப்பார்கள். மூலிகை விதை விற்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். வெள்ளை ஒன்றே நிறம் என்பதால் வீட்டில் யாராவது முகம் சுளிக்கக்கூடும். இந்தப் பூவைச் சுடுகாட்டுப் பூ என்று சொல்லிப் பழகிய பெரியவர்கள் இருந்தால் வாசலை விட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கலப்பினங்கள்

அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் காட்டு இனங்களோடு கலப்புச் செய்து உருவாக்கிய சில ரகங்கள் 1991-இல் அந்நாட்டின் பூச்செடிப் பரிசுகளை வென்றன. அதன் பிறகுதான் பெரிய இதழ்களும் புதுப்புது நிறங்களும் வெள்ளமாக வந்தன. இன்று நம் நர்சரிகளில் வண்ண வண்ணமாக அடுக்கியிருப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவை. பெயர் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஹைபிரிட் வின்கா என்று மொத்தமாக ஒரே பெயர்தான். ஆனாலும் உள்ளே இரண்டு சாதி உண்டு, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒன்று நிமிர்ந்து நிற்பது. பசிஃபிகா, டைட்டன், கோரா எல்லாம் இந்த வகை. ஓர் அடி, ஒன்றேகால் அடி உயரத்தில் குடைபோல அடங்கும். நடைபாதை ஓரத்துக்கு அழகு. மற்றொன்று கிடந்து படர்வது. மெடிட்டரேனியன் என்ற வரிசை அரை அடிகூட எழும்பாமல் இரண்டு அடிக்கு மேல் பரவும். கோரா கேஸ்கேட் இன்னும் அகலமாக, இரண்டரை அடியைத் தாண்டிப் பரவும். தரைப்போர்வை என்ற சொல்லுக்கு உண்மையாகப் பொருந்துவது இவைதான். இவற்றைச் செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டு நட்டாலும் ஒரு பருவத்துக்குள் மண் தெரியாது.

நர்சரியில் பெயர்ச்சீட்டு இல்லாதபோது எப்படி அடையாளம் காண்பது? செடியை வெளிச்சத்தில் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். நடுத்தண்டு நேராக எழுந்து கிளைகள் மேல்நோக்கி நின்றால் நிமிர்வகை. அடிக்கணுவிலேயே கிளைகள் பிரிந்து தொட்டி விளிம்பைத் தாண்டி மடிந்து தொங்கினால் படர்வகை. வெயில் படாத மூலையில் நெட்டையாகிச் சாய்ந்த நிமிர்வகையைப் படர்வகை என்று விற்பதும் நடக்கிறது. கணுவுக்குக் கணு நீளமாகவும் இலை வெளுத்தும் இருந்தால் அது சாய்ந்த செடி. படர்வகையில் கணுக்கள் நெருங்கி இருக்கும்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "அண்ணா, இது விதையில வந்ததுங்களா, குச்சி வச்சு வந்ததுங்களா?" பெரும்பாலும் பதில் "தெரியலைங்க, பெங்களூர்ல இருந்து வருது" என்பதாகத்தான் இருக்கும். பரவாயில்லை. விதையில் வந்த குழித்தட்டு நாற்றாக இருந்தால் எல்லாம் ஒரே அளவில், ஒரே வயதில் இருக்கும். குச்சியில் வந்ததானால் மண்ணுக்குள் போகும் தண்டின் அடியில் வெட்டுவாய் தெரியும். படுக்கை முழுவதும் சீராக மூட வேண்டியவருக்கு நாற்றுதான் நல்லது.

கோரா வரிசை வந்தபோது அதைப் பெரிதாகக் கொண்டாடியதற்குக் காரணம் அழகு இல்லை. பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற கிருமி மழைத்துளியோடு தெறித்து இலையிலும் கிளையிலும் ஏறிக் கருக்குவதை அது தாங்கியது. ஐப்பசி அடைமழை உள்ள நமக்கு இது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அந்தத் தாங்கும் சக்தி தரைக்கு மேலேதான். வேரைத் தாக்கும் அழுகலுக்குக் கோராவும் மற்றதும் ஒன்றே. கோரா வாங்கிவிட்டோம் என்று வடிகாலை மறந்தவர்கள் கார்த்திகையில் வந்து விதைக் கம்பெனியைத் திட்டுவார்கள்.

கலப்பினத்தின் அடுத்த குறை விதை. அதன் விதையும் விழும், முளைக்கும். முளைத்து வருவது தாயைப்போல இருக்காது. உயரம் கூடும், நிறம் கலையும். சிவப்புப் படுக்கை இரண்டு மூன்று ஆண்டில் பல நிறக் கதம்பமாகிவிடும். கதம்பம் பிடித்தவருக்கு அதில் நட்டமில்லை. ஒரே நிறம் வேண்டியவர் சுயமாக முளைத்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்கவும் வேண்டும்.

என் தீர்ப்பு இது. சுவருக்கு வெளியே நாட்டு ரோஸ் அல்லது நிர்மல். சுவருக்கு உள்ளே, தண்ணீர்க் குழாய் எட்டும் மேட்டுப்பாத்தியில், படர்வகைக் கலப்பினம். நிமிர்வகைக் கலப்பினத்தைத் தொட்டிக்கு விட்டுவிடலாம். கசப்பு எல்லாவற்றிலும் உண்டு என்பதால் ஆட்டைக் காரணம் காட்டி ஒன்றைவிட ஒன்றை ஏற்ற வேண்டியதில்லை.

வாங்கும்போதும் நடும்போதும்

பூ நிறைந்த செடியைவிட, பூ குறைந்து கிளை நிறைந்த செடியே மேல். பாக்கெட்டை மெல்ல அழுத்தி வேர்க்கட்டியைப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாகி வழுவழுத்தால் வேண்டாம். மண் மட்டத்தில் தண்டு கறுத்திருந்தால், அந்தச் செடியை மட்டுமல்ல, அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். பூ பச்சை நிறத்தில் இலைபோல மாறியிருந்தாலோ, நுனியில் சிறுசிறு இலைகள் குஞ்சம்போல அடைந்திருந்தாலோ அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான் வழி. கத்தரி வயலிலும் எள் வயலிலும் இதேபோன்ற நோய்கள் வருவதால் பக்கத்தில் அந்தப் பயிர்கள் இருந்தால் கூடுதலாகக் கண் வையுங்கள்.

நடும் காலம் ரகத்தைப் பொறுத்து மாறும். நாட்டு ரகத்தை ஆடிப்பட்டத்தில் மழையை நம்பித் தூவலாம். மழைக்காலம் முடிவதற்குள் வேர் ஊன்றிக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய கலப்பின நாற்றை அந்த நேரத்தில் வைப்பது சூதாட்டம். தை பிறந்த பிறகு வையுங்கள். பனி ஈரமும் மிதமான வெயிலும் உள்ள இரண்டு மாதத்தில் அது தரையைப் பிடித்துவிடும். மண் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு. அதில் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் டிரைகோடெர்மா விரிடியும் சேர்த்தால் வேரழுகல் ஓரளவு அடங்கும். பச்சைச் சாணியோ கூடுதல் யூரியாவோ போட்டால் இலை பெருத்துப் பூ குறையும், நோயும் தேடி வரும். தண்ணீரைக் காலையில், வேரில் ஊற்றுங்கள். குழாயைப் பிடித்து மாலையில் தலைமேல் பீய்ச்சுவது பூஞ்சைக்கு விருந்து.

ஆடு தொடாததைப் புழு தொடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரளியையும் நந்தியாவட்டையையும் மேயும் பெரிய பச்சைப் புழு ஒன்று உண்டு. தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் வரைந்தாற்போல இருக்கும், பின்னால் ஒரு சிறு கொம்பு. அது நித்தியகல்யாணியையும் விடாது. இரண்டு புழு சேர்ந்தால் ஒரே இரவில் ஒரு செடியைக் குச்சியாக்கிவிடும். கீழே மிளகு அளவுக்குக் கறுப்பு எச்சம் கிடந்தால் இலைக்கடியில் தேடிக் கையால் எடுத்துப் போடுங்கள். பூச்சிமருந்து தேவையே இல்லை.

கவாத்தைத் தையில் ஒருமுறை, ஆடிக்கு முன் ஒருமுறை செய்யலாம். மூன்றில் ஒரு பங்கு உயரம் நிற்கும்படி வெட்டுங்கள். படர்வகைக்கு ஓரத்தை ஒழுங்குபடுத்தினால் போதும். வெட்டும்போது கையுறை போடுங்கள், வெட்டிய தழையை மாட்டுக்குப் போடும் புல்லோடு கலக்காதீர்கள். வாடிய தழை என்றாலும் அதன் நச்சு போவதில்லை.

நச்சு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய்க்கு இதன் இலையையும் பூவையும் கஷாயம் வைத்துக் குடிக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. இதே நம்பிக்கை ஜமைக்காவிலும் இருந்தது. அங்கிருந்து 1952-இல் கனடாவுக்குப் போன இலைகளை ராபர்ட் நோபிள் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் சோதித்தபோது, எலிகளின் சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. அவரும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும், பின்னால் வந்த வின்கிரிஸ்டினும் ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் பயன்படுகின்றன. மருத்துவர் மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றும் மருந்து அது. அளவு தெரியாமல் வீட்டில் காய்ச்சிக் குடித்தால் நரம்பும் எலும்பு மஜ்ஜையும் கெடும். பூவைப் பறித்து வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் படுக்கையை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.

வேறு செடிகள் பற்றி

ஆடு தொடாது, வெயில் தாங்கும் என்று சொல்லி மஞ்சள் பூப் படர்செடி ஒன்றை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். வெடீலியா என்பார்கள், கரிசலாங்கண்ணி என்றும் தவறாகச் சொல்வார்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற செடி அது. உண்ணிச்செடியும் அதே பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நம் காட்டோரங்களில் தானாகப் படரும் ஆடுதின்னாப்பாளை அழகு குறைந்ததுதான். ஆனால் கறுப்பு இறகும் சிவந்த உடலும் கொண்ட அழகிப் பட்டாம்பூச்சிகள் அந்த வகைக் கொடியில்தான் முட்டையிடும். கொல்லையில் ஓரிரண்டு இருந்தால் பிடுங்காமல் விடுங்கள். அதையும் மருந்தென்று உள்ளே சாப்பிட வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கேடு.

விதை எடுப்பது

நாட்டு ரகம் வைத்தவர் ஒருமுறை வாங்கினால் போதும். பூ உதிர்ந்த இடத்தில் இரட்டை இரட்டையாக மெல்லிய காய்கள் நிற்கும். பச்சை மாறி மஞ்சளாகும் நேரத்தில் காலையிலேயே பறித்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தால் வெடித்து விதை மண்ணுக்குப் போய்விடும். காகிதத்தில் பரப்பி நிழலில் காயவைத்தால் கறுத்த சிறு விதைகள் உதிரும். நிறவாரியாகத் தனித்தனிக் காகித உறையில் எழுதி வையுங்கள். இந்த விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். ஆகவே மேலே கிடக்கும்படி விடாமல் கால் அங்குல மண்ணாவது போட்டு மூட வேண்டும். முளைக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நேரடியாகத் தூவுவதானால் ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவுங்கள். இல்லாவிட்டால் விதையெல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும்.